பின் சீட்டிலிருந்து வந்த பீப்

என் மகள் அந்தச் சத்தத்தைப் பயத்தில் எழுப்பினாளா, விளையாட்டுக்கு எழுப்பினாளா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறாள்.

நாங்கள் குவைத்தில், மங்காஃபில் குடியிருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் அப்பாசியாவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். என் கணவர் வேலை பார்க்கும் சைட்டில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு ஆள். வேகத்துக்காக முகாலஃபா, அதாவது அபராதம், அடுத்தடுத்து வந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. போலீஸ் ரேடாரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு பெட்டி வாங்கிவந்தார்.

சோப்பு டப்பா அளவுக்குக் கறுப்புப் பெட்டி. முன் கண்ணாடியில் ஒட்டி, ஒயரை சிகரெட் லைட்டர் துளையில் சொருகினார்.

"போலீஸ் பாத்தா பிரச்சினை இல்லையாங்க?" என்றேன்.

"பாத்தாத்தானே. அவன் பாக்காம இருக்கத்தான் இதை வாங்கினதே."

இயற்பியல் படித்தவள் என்பதால் அது வேலை செய்யும் விதம் எனக்குப் புரிந்தது. போலீஸ் ரேடார் அனுப்பும் அலை காரில் பட்டுத் திரும்பிப் போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்கு நம் வேகம் தெரியும். போய்த் திரும்புவதில் அலை மிகவும் மெலிந்துவிடும். பெட்டிக்கோ வருகிற அலையே போதும். அதனால் போலீஸுக்கு நம் வேகம் தெரியுமுன்பே, தூரத்திலேயே, பீப் அடித்துவிடும். ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் தானாகத் திறக்கும் கதவுகளிலும் அதே மாதிரி அலை உண்டு. அங்கேயும் அடிக்கும். நாம் நெருங்கிய பிறகுதான் போலீஸ் ரேடாரைப் போட்டார்கள் என்றால், பெட்டி அடிக்கும்போது நாம் ஏற்கெனவே அகப்பட்டிருப்போம். இதையெல்லாம் சொன்னேன்.

"டீச்சரம்மா, கொஞ்சம் ரோட்டைப் பாக்க விடுறீங்களா?" என்றார்.

மகளுக்கு அப்போது நாலு வயது. பின் சீட்டில் உட்காரமாட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு வருவாள். பீப் அடித்தால் அப்பா பிரேக் போடுவார் என்று கவனித்து வைத்திருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பீப் கேட்டது. அவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த ஜீப் ஹாரனை அலறவிட்டு, எங்களை உரசுவதுபோல் விலகிப் போனது. குழந்தை சீட்டில் மோதி உதடு கிழிந்தது. சுற்றிலும் வெறும் மணல். ஒரு போலீஸ் காரும் இல்லை. "டூப்ளிகேட் சாமானைத் தலையில கட்டிட்டான்" என்று பெட்டியைத் திட்டினார். நானும் பெட்டியின் தவறு என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டினார். நான் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தேன். ஸ்பீடாமீட்டர் முள் நூற்றைம்பதை நெருங்கியபோது மறுபடி பீப்.

"பெட்டி ஆஃப்ல கிடக்கு. யாரு கத்துறது?"

"நான்தான் பெட்டி" என்றாள் என் பக்கத்திலிருந்து.

அவர் வெகுநேரம் சிரித்தார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், வண்டி மெதுவானது. "சரி, இனிமே உனக்குத்தான் டூட்டி. நீ கத்தினா அப்பா மெதுவாப் போவேன், போதுமா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. சொன்ன வார்த்தையை இன்றுவரை காப்பாற்றுகிறார். பெட்டி மேசை டிராயரில் கிடக்கிறது.

ஆனால் எங்கள் வீட்டில் டூட்டி என்றால் தப்ப முடியாத ஒன்று. காய்ச்சலானாலும் அப்பா டூட்டிக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். வியாழக்கிழமை மாலையே, "நாளைக்கு எனக்கு டூட்டியாம்மா?" என்று கேட்கிறாள். காரில் பாட்டுப் போட்டாலும் தலை திருப்புவதில்லை. கண் முள்ளிலேயே இருக்கிறது, உள்ளங்கை வேர்த்திருக்கிறது. போன வாரம் திரும்பி வரும்போது அசந்து தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் விழித்ததும், "தூங்கிட்டேன், அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அழுதாள். அவள் தூங்கிய நேரத்தில் முள் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

கணவரிடம் பேசினேன். "அவ சொன்னாக் கேக்குறேன்ல, அப்புறம் என்ன?" என்கிறார். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்னவோ. அவளை இதிலிருந்து விடுவித்தால் வேகம் கூடும். விடுவிக்காவிட்டால் அப்பாவின் உயிர் தன் கையில் என்று நினைத்தே வளர்வாள். உங்கள் வீட்டில் வேகமாக ஓட்டுபவரைக் குழந்தையை நடுவில் வைக்காமல் எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.