பெட்டிகள் இருந்த அறை

ஷார்ஜாவில் நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஊரிலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்தோம். வருஷா வருஷம் எங்கள் அப்பா, அம்மாக்களுக்குத் திதி செய்துவைக்க ஆள் வேண்டியிருந்தது. அதுவரை ஊர் வாத்தியாரை வீடியோ காலில் பிடித்து, லேப்டாப்பைப் பலகைமேல் வைத்து, நெட் விட்டுவிட்டு வர, பாதி மந்திரத்தை முணுமுணுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

அவர் தங்க இடம் பார்ப்பது என் பொறுப்பு. என் ஃபிளாட்டில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. தனிக் குளியலறை, தனி சிங்க். அதில் ஊருக்கு எடுத்துப்போகும் பெட்டிகளை அடுக்கியிருந்தோம். நானும் மனைவியும் அந்த அறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊரின் மறுகோடியில், முவைலா பகுதியில் அவருக்கு ஒரு பார்ட்டிஷன் பிடித்தேன். ஹாலைப் பிளைவுட்டால் தடுத்த இடம், ஒரு கட்டில், எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை.

"ரெண்டே வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ. நல்ல ரூமா பார்த்துண்டிருக்கேன்" என்றேன். பார்க்கவில்லை. பதினோரு மாதம் ஓடிவிட்டது. அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, எனக்கு அது வசதியாகப் போயிற்று.

என் அப்பாவின் திதியன்று காலையில் வந்தவர், மடி வேட்டி மாற்ற இடம் கேட்டார். பெட்டி அறையைத் திறந்துவிட்டேன்.

"இங்க தனியா குழாய்கூட இருக்கே, மாமா" என்றார் வெளியே வந்து. குத்திக்காட்டும் குரல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி பேச்சை மாற்றப் பார்த்தாள். "அங்க சமையலெல்லாம் எப்படிப் பண்ணிக்கறேள்?"

"அந்த அடுப்புல மீன் வறுப்பா, மாமி. அவா மேல தப்பில்லை, அவா சாப்பாடு அது. நான் கெட்டில்ல பால் காய்ச்சி அவல் போட்டுக்கறேன்."

"தினமுமா?"

"திதி இருக்கற நாள்ல இலைச் சாப்பாடு கெடைச்சுடறதே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஹோமப் புகைக்கு அலாரம் அடிக்காமலிருக்க ஸ்மோக் டிடெக்டருக்குப் பாலிதீன் கவர் கட்டும் சாக்கில் ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டேன்.

ஊரில் என்றால் இலையில் உட்கார்ந்து சாப்பிட வேறு ஆள் வருவார்; இங்கே ஆள் பஞ்சம். மந்திரம் சொல்லிவைத்த அவரேதான் இலையிலும் உட்கார்ந்தார். அன்று அந்த இலையில் உட்காருபவர் அப்பாவேதான் என்பது எங்கள் ஐதீகம். மூன்று முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு பரிமாறினேன். அப்பாவை அவலில் பட்டினி போட்டவன் மாதிரி, கேட்காமலே நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும், சடங்கில் அடுத்து என்ன என்பது மறந்து நின்றேன். அவர்தான் எடுத்துக்கொடுத்தார்.

"திருப்தியான்னு கேளுங்கோ, மாமா."

பதினோரு மாதத்தில் நான் அவரிடம் கேட்காத கேள்வி அது.

"திருப்தியா?" என்றேன்.

"திருப்தி" என்றார், இலையைப் பார்த்தபடி.

சடங்கில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. அது தெரிந்ததால்தான் என்னால் கேட்க முடிந்தது.