சிவம் அண்ணையும் ஒரு கையெழுத்தும்

இன்று, நாங்கள் குடியேறிய பார்க்கிங் நகரின் பஸ் தரிப்பில் கறுப்பின மாணவி ஒருத்தி எங்களிடம் கையெழுத்துக் கேட்டாள். அடிமை வியாபாரத்துக்கு ஈடாகக் கறுப்பின மாணவர்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இலவசமாக வேண்டுமாம்.

என்னோடு நின்ற சிவம் அண்ணை முகத்தைச் சுளித்தார். "பூட்டன் காலத்தில நடந்ததுக்கு இப்பத்தைய பிள்ளையளுக்கு ஏன் குடுக்கோணும்?"

பிறகு, யாழ்ப்பாணத்தில் தமிழ் மாணவரிடம் மட்டும் அரசு கூடுதல் புள்ளி கேட்டதால் தனது மருத்துவபீட இடம் பறிபோன கதையை அவளுக்குச் சொன்னார். எங்களுக்கு அது மனப்பாடம்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அதற்கு இப்போது என்ன தந்தால் சரியாகும்?"

"எனக்கு இனி என்னத்துக்கு? என்ரை மகளுக்குக் குடுக்கட்டும்."

அவள் பேனையை நீட்டினாள்.

அப்போது வந்தது எங்கள் பக்கம் போகாத பஸ். அண்ணை அதில் ஏறிவிட்டார்.

எங்கே இறங்கினார் என்று யாருக்காவது தெரியுமா?