ஹீட்டரைக் கழற்றச் சொன்னவர்

பழிவாங்குவதற்கு இவ்வளவு சிரமப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை.

ஹீட்டர் திருத்துவது என் தொழில். எங்கள் குளிர்நாட்டின் புறநகரான புருசெத்தில், படுத்துறங்கிப் பயணம் போகும் தன் பழைய காரவனைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். ஒல்லியான மனிதர். அடிக்கடி வெள்ளை லேஞ்சியில் மூக்கைச் சிந்தி, அதை விரித்து உற்றுப் பார்ப்பார்.

"ஹீட்டர் நல்லாத்தானே வேலை செய்யுது, அண்ணை?"

"அதுதான் பிரச்சினை. கழட்டும், தம்பி."

ஏன் என்று கேட்டேன்.

"போன வருசம் அவுஸ்திரேலியாவிலை மச்சான் என்னைக் காரவனிலை பாலைவனம் காட்டக் கூட்டிக்கொண்டு போனவன். ஏசி போட்டால் எஞ்சின் சூடாகுமெண்டு எட்டு நாளும் யன்னலைத் திறந்துவிட்டே ஓடினவன். அந்த வெக்கைக்குள்ளை நான் விழுங்கின செம்மண் தூசி இன்னும் மூக்காலை வருது. தை மாதம் அவன் இஞ்சை வாறான். இதிலைதான் வடக்கை பனி காட்டப் போறன்."

"நீங்களும்தானே விறைப்பியள்?"

"ஓம். அவனும் என்னோடை தூசி விழுங்கினவன்தானே. ஆனால் எட்டு நாளும் சிரிச்சுக்கொண்டு இருந்தவன். அதைத்தான் என்னாலை மன்னிக்க ஏலாது."

கழற்றிக் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். குளிர்ந்துபோன காரவனுக்குள் தனியே உட்கார்ந்து, பற்கள் கிடுகிடுக்க, சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்.