இடுப்பளவுக் குளமும் ஈர வேட்டியும்

எம்.ஏ. பரீட்சை முடிந்து ஐந்து வாரம். முடிவு வரவில்லை. சங்கரன்கோவிலில் அத்தை வீட்டு மாடியறையில் என்னால் உட்காரவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. எங்காவது போய்க்கொண்டிருந்தால் போதும். கல்லூரித் தோழன் தங்கராசு, தன் ஊர்க் குளத்தில் சனிக்கிழமை மீன்பிடி என்று எழுதியிருந்தான். எழுபத்தெட்டு, மே மாதம். கிளம்பிவிட்டேன்.

காலை 5.40 பஸ். மேற்கே நாற்பது நிமிடம், எண்பது பைசா. குளத்துக்கு என்றதும் கண்டக்டர் என் கையைப் பார்த்தார்.

"குளத்துக்குப் போறவரு கூடையில்லாம பொஸ்தகத்தைக் கொண்டு போறீரே. மீனுக்கு வாசிச்சுக் காட்டவா?"

இறங்கித் தெற்கே மூன்று கிலோமீட்டர் நடந்தேன். முப்பத்தைந்து நிமிடம். மெதுவாக நடக்கத் தெரியவில்லை.

கிழக்கே வில்லாக வளைந்த மண்கரை, ஒன்றரைக் கிலோமீட்டர். மேற்கே கரையே கிடையாது. தரை மெல்ல உயர்ந்து மலையை நோக்கிப் போகிறது. நீர் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. ஐப்பசியில் பனைமரங்கள் வரை நிற்குமாம். இப்போது கால்பங்குதான். மடையருகே மட்டும் மார்பளவு. மற்ற இடங்களில் இடுப்பு, முழங்கால். நீந்தினால் வயிறு சேற்றில் உரசும்.

கரை நெடுக முந்நூறு பேராவது இருப்பார்கள். மீன் பறி, கூடை, பழைய சேலை. ஒருவரும் நீரில் கால் வைக்கவில்லை.

"படித்துறையில குளிச்சுக்கோ, தாண்டிராத," என்றான் தங்கராசு. "கீழூர்க்காரங்க வந்த பொறவு அய்யா துண்டு வீசுவாரு. அப்பந்தான் எறங்கணும்."

அவன் அப்பாதான் மடையைத் திறந்து மூடும் மடைக்காரர். கீழூருக்கும் இதே குளத்துத் தண்ணீர்தான், கடைசியாகப் போய்ச் சேரும். இரண்டு வருடமாக தங்கராசுவின் மேலூர்க்காரர்கள் முந்தி இறங்கி மீனை அள்ளிவிட்டார்கள். மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது. இந்த வருடம் சேர்ந்தே இறங்குவோம் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

எட்டு மணிக்கு என்றார்கள். குளித்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். ஒரு பக்கம் படித்து மூடினேன். இடுப்பில் துண்டோடு கரைமேல் ஏறி, ஈர வேட்டியைப் பிழிந்து, காற்றில் இரண்டு முறை உதறினேன்.

கரை முழுவதும் ஒரு கூச்சல். முந்நூறு பேரும் நீரில்.

"ஏலே, ஏறுங்கலே! நான் வீசலைலே!" மடைக்காரர் ஓடினார். யார் காதிலும் விழவில்லை. ஒரு நிமிடத்தில் குளம் காப்பி நிறமாயிற்று.

வண்டிப்பாதையில் கீழூர்க் கூட்டம் வந்துகொண்டிருந்தது.

"நீ போயிரு," என்றான் தங்கராசு. "ஒம்பதரைக்கு பஸ் இருக்கு. ஒன்னையும் அடிப்பானுவ."

சட்டையை மாட்டி, செருப்பைத் தேடி எடுத்தேன். பத்து எட்டு நடந்தும்விட்டேன். கிளம்புவதுதான் எனக்கு நன்றாக வரும். திரும்பிப் பார்த்தேன். மடைக்காரர் வீசாத துண்டைக் கையில் பிடித்தபடி தனியாக நின்றார்.

திரும்பி வந்தேன்.

கூட்டத்தின் முன்னால், இடுப்பில் பறியோடு ஒரு பெண். "மூணாவது வருசமுமா? இதான் உம்ம வாக்கா அண்ணாச்சி?"

நான் வேட்டியை நீட்டினேன். "அவரு வீசலக்கா. நாந்தான் உதறுனேன். காயட்டும்னு."

அவள் வேட்டியைப் பார்த்தாள். துண்டு கட்டிய என்னைப் பார்த்தாள்.

"இந்த ஒட்டடைக்குச்சியப் பாத்தா ஊரே எறங்குச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "பிடிச்சத எல்லாம் கரையில கொட்டச் சொல்லும் அண்ணாச்சி. அதுல பாதி எங்களுக்கு. பொறவு துண்டை வீசும். இவரு எங்ககூட எறங்கட்டும்."

முணுமுணுத்தார்கள். ஆனாலும் கொட்டினார்கள். விரால், கெண்டை, கெளுத்தி. இரண்டு பேர் மட்டும் மறைக்கப் பார்த்தார்கள். மடைக்காரரே பறியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். 8.40க்கு உண்மையான துண்டு அசைந்தது. கீழூர்க்காரர்களோடு நானும் இறங்கினேன். சேறு முழங்கால்வரை உள்ளே இழுத்தது. நான் பிடித்தது ஒரே ஒரு கெளுத்தி. அதன் முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது.

மாலை 4.10 பஸ்ஸில் அதே கண்டக்டர். வீங்கிய கையைப் பார்த்தார். "மீனு ஒம்மளை வாசிச்சிட்டுதோ?"

வீடு சேர்ந்தபின், தபால் வந்ததா என்று கேட்க மறந்துபோனேன். மறுநாள் காலைதான் கேட்டேன். வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பறவை பார்க்க ஐப்பசிக்குப் பிறகு, மீனுக்கு மே. குடிநீர் கொண்டுபோங்கள், கரையில் கடை கிடையாது. நீச்சலை மறந்துவிடுங்கள். கெளுத்தியைக் கையால் தொடாதீர்கள். வேட்டியைக் கரைக்குக் கீழே, வயல் பக்கமாக உதறுங்கள்.