தங்கபாயின் வாய்ப்புண்

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகப் பால்வெட்டுகிறவள் தங்கபாய். திடீரென்று வாய் முழுக்க வெள்ளை படிந்து, கொப்புளங்களும் வெடித்தன. கஞ்சித் தண்ணீர் பட்டாலே உயிர் போனது. கொப்புளத்துக்கு வாங்கிய வைரஸ் மாத்திரை ஐந்து நாள் தின்றும் கேட்கவில்லை.

புருஷன் ஏசுஅடிமை கத்தாரில் லாரி ஓட்டிவிட்டு அந்த மாதம்தான் திரும்பியிருந்தான். அவள் வாயைப் பார்த்ததும் முகம் கறுத்தான்.

"ஏட்டி, நான் இல்லாத நேரத்துல இத எவன்ட்ட வாங்கின?"

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே அந்த வாயிலேயே அறைந்தான். உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று ஆடியது.

மறுநாள் கூட வேலை செய்யும் ஜெஸ்பின் அவளை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள்.

"ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கிறீங்களா? இழுத்ததும் வாய் கொப்பளிப்பீங்களா?"

முதல் கேள்விக்கு ஆமென்றும் இரண்டாவதுக்கு இல்லையென்றும் தங்கபாய் தலையாட்டினாள்.

"அதுல வந்த பூஞ்சைதான் இந்த வெள்ளை. கொப்புளம் வைரஸ். அது சின்ன வயசுலயே நிறையப் பேருக்குள்ள வந்து உறங்கிக் கிடக்கும். பூஞ்சை தோலைக் கெடுத்தா வைரஸ் நுழைய லேசாயிடும். பூஞ்சைப் படலத்துக்குள்ள பதுங்கிட்டா மாத்திரையும் எட்டாமப் போகலாம். ரெண்டையும் சேர்த்துத்தான் அடிக்கணும்."

சாயங்காலம் இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஏசுஅடிமை டீக்கடை முன்னால் நின்றான். தங்கபாய் மருந்து வாங்கி வந்த பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.

"டாக்டர் எழுதினத வாசிச்சுப் பாரும்."

அவன் அதைக் கசக்கி எறிந்துவிட்டு அவள் தாடையைப் பிடித்தான். "வாயத் தொறட்டி! எல்லாரும் பாக்கட்டு!" என்று இரண்டு விரலை உள்ளே திணித்தான்.

புண்ணில் நகம் கீறிய வலியில் அவள் கண் இருண்டது. பல்லை இறுக்கினாள். எலும்பு தட்டுப்படும்வரை விடவில்லை. அவன் அலறிக்கொண்டு அவள் வயிற்றில் மிதித்தான். கீழே விழுந்தவளை மறுபடி மிதிக்கக் காலைத் தூக்கும்போது, ஜெஸ்பின் கடை விறகுக்கட்டையை எடுத்து அவன் முழங்காலில் போட்டாள்.

வாயில் இருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு, அதே சேலையோடு தங்கபாய் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள்.

இரண்டு மருந்தும் சேர்ந்ததில் பதினைந்து நாளில் வாய் ஆறியது. அதற்குள் ஏசுஅடிமையின் கடிபட்ட விரலில் கொப்புளம் கிளம்பியது. புகாருக்குப் பிறகு வீட்டுப்பக்கம் வராதிருந்தவன் வீங்கிய விரலோடு வாசலில் வந்து நின்றான்.

"என்ன மருந்துட்டி தந்தாவ?"

"ஆஸ்பத்திரிக்குப் போவும். இனி இங்க வரப்பிடாது."

கதவைச் சாத்தினாள்.

வழக்கு நடக்கிறது. டீக்கடைக்காரர் எதையும் பார்க்கவில்லை என்றுவிட்டார். ஜெஸ்பின் மட்டும் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டுச் சாட்சிக்குப் போகிறாள்.