ஓவசியரின் இடுப்பு வார்

கல்முனைக்குடியில் உள்ள எங்கள் வாசிகசாலையின் நிர்வாகக் குழு சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கூடி, ஊரின் வரலாற்றில் பதியத்தக்க தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. ‘சத்தமிடாதீர்கள்’ என்ற பலகையை வடக்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றுவது என்பதே அத்தீர்மானம். வடக்குச் சுவருக்காக மூவரும் கிழக்குச் சுவருக்காக நால்வரும் ஒன்றரை மணி நேரம் சத்தமிட்டார்கள். செயலாளன் என்ற முறையில் நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி, ஈரம் காய ஊதிக்கொண்டிருந்தபோது, ஓவசியர் ஆதம்பாவா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரான அலியார் மரைக்கார். எல்லோரும் எழுந்து, சொல்ல வேண்டிய வசனத்தைச் சொன்னோம். சொல்லி முடிந்ததும் மரைக்கார் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார்.

“மையித்த ஆர் குளிப்பாட்டுற?”

ஓவசியரை அறிந்த உங்களுக்கு, சடலத்தைக் குளிப்பாட்டுவது யார் என்ற அந்தக் கேள்வியின் உட்பொருள் விளங்கும். அறியாதவர்கள் இந்த நினைவஞ்சலியை வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்பதற்காகச் சிலவற்றை எழுதுகிறேன்.

ஆதம்பாவா நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்தவர். வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கீழே வேலை தொடங்கி, அவர்கள் போன பிறகு நம்மவர்களுக்குக் கீழே முடித்தார். இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்று கேட்டால், “முந்தித் துரை ஏசுவான், எனக்கு விளங்காது. இப்ப விளங்குது” என்பார். வாய்க்கால் மட்டம் பார்ப்பதிலும் மதகுக் கதவு பூட்டுவதிலும் அவருக்கு நிகரில்லை. மனிதன் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், மேலே ஒருவன் பார்த்துக்கொள்வான் என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதை வாசிகசாலையில் சொன்னார், தேநீர்க் கடையில் சொன்னார். ஒருமுறை பள்ளிவாசல் படியில் நின்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தவறாமல் வருவார். ஆனால் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். வந்ததால் அவரைக் காபிர் என்று சொல்ல முடியவில்லை. நின்ற இடத்தால் முஸ்லிம் என்று சொல்லவும் சிலருக்கு மனம் வரவில்லை.

மாரி மழை பிந்திய ஒரு வருடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாற்று மஞ்சளித்தது. ஊர் முழுவதும் கடற்கரை வெளியில் கூடி மழைக்காகத் தொழுதது. ஓவசியர் அந்நேரம் சைக்கிளில் ஏறி மேற்கே போனார். இங்கினியாகலையில் புதிதாகக் கட்டியிருந்த அணையிலிருந்து எங்கள் வயல் வட்டைக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று மேலதிகாரி ஒருவரின் வாசலில் இரண்டு நாள் குந்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அன்று பின்னேரமே மழையும் கொட்டியது. பயிரைக் காப்பாற்றியது எது என்று ஊரில் இரண்டு கிழமை சண்டை நடந்தது. பள்ளி முற்றத்தில் மரைக்கார் அவரை மறித்தார்.

“ஓவசியர், இப்பயாவது ஒத்துக்கொள்ளுங்க. மழ ஆர் தந்த?”

“மழையும் வந்திச்சு, வாய்க்காலும் வந்திச்சு. எதக் குடிச்ச எண்டு வயலக் கேளுங்க.”

‘அல்லாஹ் நாடினால்’ என்று பொருள்படும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்ற சொல்லோடும் அவருக்கு ஒரு தகராறு இருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல் இரண்டு வகையாகப் பயன்படுகிறது: வர எண்ணியிருப்பவர்கள் மெதுவாகவும், வர எண்ணம் இல்லாதவர்கள் சத்தமாகவும் சொல்வார்கள். ஓவசியர் “நாளைக்கு எட்டு மணிக்கு வாறன்” என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு எட்டு மணிக்கு வந்து நிற்பார். ஒருநாள் மரைக்கார் தாங்க மாட்டாமல், “இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லுங்களன்” என்றார். “நீங்க சொல்லுங்க, நான் வாறன்” என்றார் ஓவசியர். இருவரும் சொன்னதைச் செய்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைச் சுற்றித்தான் ஒரு சந்தேகம் எழுந்தது. ஓவசியர் சாறனுக்கு மேல் நான்கு விரல் அகலத்தில் ஒரு தோல் வார் கட்டியிருப்பார். அதை அவிழ்த்து எவரும் கண்டதில்லை. கிணற்றடியில் குளித்தாலும் அது அவிழாது. கடலில் இறங்கினாலும் அவிழாது. வாருக்குக் கீழே, இடுப்புக் கயிற்றில், ஒரு தாயத்து இருக்கிறது என்று பள்ளிவாசல் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மேலே ஒருவனை அவர் மறைவாக நம்புகிறார் என்பதற்கு அதுவே அவர்களுடைய சாட்சி. ஏழு வயதில் காய்ச்சல் கண்டபோது உம்மா கட்டியது என்றார் ஒருவர். இல்லை, காட்டில் வாய்க்கால் வெட்டப் போனபோது பயந்துபோய்த் தானே எழுதுவித்துக் கட்டியது என்றார் இன்னொருவர். வீரமுனைக் கோயிலில் வாங்கியது என்று சொன்னவரும் உண்டு. வாருக்குக் கீழே வியர்க்குருவைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது வாசிகசாலைக்காரரின் நிலைப்பாடு. இரு தரப்புக்கும் அந்த இடுப்பு மிகவும் தேவைப்பட்டது.

நான் இரு தரப்பையும் நம்பாதவன். என்றாலும் ஒரு சம்பவம் என்னை உறுத்தியது. பெரிய வாய்க்காலில் மதகைத் திருத்தும்போது கால் வழுக்கி ஓவசியர் தண்ணீருக்குள் விழுந்தார். நான் கரையில் நின்றேன். தண்ணீரில் போகிறவன் புல்லைப் பிடிப்பான், வேரைப் பிடிப்பான். ஓவசியர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டோம்.

“என்ன காக்கா, கரையப் பிடிக்காம இடுப்பப் பிடிச்ச?” என்று கேட்டேன். அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன்.

“சாறன் அவுண்டிருந்தா நீங்க காப்பாத்தியிருப்பீங்களா? நிண்டு சிரிச்சிருப்பீங்க.”

எல்லோரும் சிரித்தோம். எவரும் நம்பவில்லை.

இது இப்படியே வேடிக்கையாகக் கழிந்திருக்கும். ஆனால் சென்ற வருடம் ஓவசியரின் ஒரே மகள் ஸபிய்யாவுக்கும் மரைக்காரின் மகனுக்கும் சம்பந்தம் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். ஈமான் என்னும் இறை நம்பிக்கை உண்டா இல்லையா என்று தெரியாத ஒருவரின் கூரைக்குக் கீழே மகனை எப்படி அனுப்புவது என்று மரைக்காரின் குடும்பத்தில் முணுமுணுத்தார்கள். மரைக்கார் நேரிலேயே கேட்டார். “ஓவசியர், ஒளிக்காமச் சொல்லுங்க, இடுப்புல என்ன இரிக்கி?”

“இடுப்பு” என்றார் ஓவசியர்.

பேச்சு அத்தோடு இழுபட்டுக் கிடந்தது. ஸபிய்யாவுக்கு அந்த மாப்பிள்ளையில் விருப்பம் என்பதை என் மனைவி மூலம் அறிந்திருந்தேன். ஓவசியருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தலையணைக்குக் கீழிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து நீட்டினார். பென்சிலால் மூன்று பெயர்கள் எழுதியிருந்தன.

“என்னக் குளிப்பாட்டுற ஆக்கள். வேற ஒருத்தரும் திரைக்குள்ள வரப்படா.”

முதற் பெயர் மோதினாருடையது. பள்ளியில் பாங்கு சொல்பவர், ஊர் மையித்துகளைக் குளிப்பாட்டுபவர். “அவர் சரி. அல்லாஹ்வுக்குப் பயந்த மனிசன், கண்டத வெளிய சொல்ல மாட்டார்” என்றேன்.

“அதுக்குத்தான்.”

இரண்டாவது அவருடைய மைத்துனர் இஸ்மாலெப்பை. “இவர் ஏன்?”

“அவனுக்கு ரெண்டு கண்ணும் பூத்துப் போச்சு.”

மூன்றாவது நான். “எனக்குக் கண் நல்லாத் தெரியும், காக்கா. வாயும் நீளம்.”

“நீ கதைச்சா ஆர் நம்புற? உண்மையச் சொன்னாலும் ஊர் பகிடி எண்டுதான் நினைக்கும். உன்னப்போல ஒரு ஆள் அகப்படுறது கஷ்டம், தம்பி.”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். செத்த பிறகும் தன் காரியத்தைத் தானே நடத்தப் பார்க்கிறாரே என்று வியப்பாகவும் இருந்தது. அதோடு ஒரு சந்தேகமும் வந்தது. மோதினாரை அவர் ஏன் நம்பினார்? மோதினார் ஒருவனுக்குப் பயந்தவர் என்பதால். அப்படியானால் ஓவசியர் நம்பியது மோதினாரையா, அந்த ஒருவனையா? கேட்டேவிட்டேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“கதவத் திறக்கிற வேல என்ட. தண்ணி ஆர்ர எண்டு நான் ஒருநாளும் கதைக்கல்லயே” என்றார்.

அந்த வாக்கியத்தைப் பிற்பாடு இரு தரப்பாரிடமும் சொன்னேன். இரு தரப்பாரும் தாங்கள் வென்றுவிட்டதாக மகிழ்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளிப்பாட்டினோம். ஓவசியரின் ஏற்பாட்டில் ஒரு பிழை இருந்தது என்பது திரைக்குள் போன பிறகுதான் தெரிந்தது. எத்தனையோ வாய்க்கால் வெட்டியவர், ஒரு மையித்தைக் குளிப்பாட்டவும் போனதில்லை. ஆகவே முறை அவருக்குத் தெரியாது. தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணி போட்டு மூடிவிடுவார்கள். மூடிய இடத்தை எவரும் பார்ப்பதில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூடிய துணிக்குக் கீழே தடவிக் கழுவ வேண்டும். அங்கே கண்ணுக்கு வேலை கிடையாது. கண் பூத்த இஸ்மாலெப்பையும் கண் தெரிந்த நானும் அங்கே ஒன்றுதான்.

மோதினார் துணியைப் போட்டு மூடினார். அதன் கீழே கை விட்டு வாரை அவிழ்த்தெடுத்து, வீட்டுக்குள் கொடுத்தனுப்பினார். வாரின் பையில் ஒரு பென்சிலும் அளவு நாடாவும் இருந்தன. இதைச் சொல்லலாம், பலரும் கண்டார்கள். பிறகு இலந்தை இலை போட்ட தண்ணீர், கடைசியாகக் கற்பூரம் கரைத்த தண்ணீர். மூன்று பேருடைய கைகளும் முறைப்படி அந்த இடுப்பைக் கடந்தன. எல்லாம் முடிந்ததும் மோதினார் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்:

“கண்டதும் தொட்டதும் இந்தத் திரைக்கு அங்கால போகப்படாது. நாம இவர்ரய மறைச்சா, அல்லாஹ் நம்மட குறைய மறைப்பான்.”

அடக்கம் முடிந்த மறுநாளே விசாரணை தொடங்கிற்று. இஸ்மாலெப்பையைக் கேட்டவர்களுக்கு, “எனக்குத்தான் கண் தெரியாதே, மனே” என்று பதில் கிடைத்தது. மோதினாரைக் கேட்டவர்களிடம் அவர், “இண்டைக்குச் சுபஹு தொழுதயா?” என்று கேட்டார். பலர் அத்தோடு போய்விட்டார்கள். மிச்சம் நான். வாசிகசாலை நண்பர்கள், கிழக்குச் சுவரில் புதிதாக மாட்டிய பலகைக்குக் கீழே நின்று, இந்த நினைவஞ்சலியில் ஒரேயொரு வரி சேர்க்கும்படி உரத்த குரலில் கேட்டார்கள். ‘இறுதிவரை அவர் எந்தத் துணையையும் நாடவில்லை’ என்பது அந்த வரி. அழகான வரிதான். நான் சேர்க்கவில்லை.

ஏழாம் நாள் கத்தம் ஓதி, சாப்பாடு முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு மரைக்கார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கணவனை இழந்தவள் பிற ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்த ஓவசியரின் மனைவி, நான் ராத்தா என்று அழைப்பவர், உள்ளறையில் இருந்தார். மகளும் அங்கேதான். நடுவில் ஒரு சீலைத் திரை.

“தம்பி, ஒரு சொல்லுச் சொல்லு. இருந்திச்சு எண்டு சொல்லு. அது எனக்குக் காணும். வீட்டுல உள்ளவங்கட வாய நான் மூடுறன்.”

“நான் சொல்லாட்டி?”

“மகனுக்கு வேற இடம் பாப்பன். எனக்கும் விருப்பமில்லதான். என்ன செய்யிற?”

நான் சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள் என்று ஓவசியர் எண்ணியிருந்தார். இங்கே ஒருவர் நம்பக் காத்திருந்தார். அவருடைய ஏற்பாட்டில் இது இரண்டாவது பிழை. ஒரு சொல். அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். நேரான முகத்தோடு இரண்டையும் சொல்லிப் பழகியவன் நான். திரைக்கு அப்பால் வளையல் சத்தம் கேட்டு நின்றது. ஸபிய்யா காது கொடுக்கிறாள் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். மோதினாரின் முகம் ஞாபகம் வந்தது. அல்லாஹ்வின் ஞாபகம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. வந்தது மோதினாரின் முகம்.

“சொல்ல ஏலா, மரைக்கார்.”

“அப்ப இல்ல எண்டு சொல்லுறாய்.”

“இல்ல எண்டும் சொல்லல்ல.”

“இரிக்கி எண்டா சொல்லுறதுக்கென்ன? இல்லாததாலதானே ஒளிக்கிறாய்!”

அப்போது திரைக்கு அப்பாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. உரத்த குரல் அல்ல.

“மரைக்கார், சம்பந்தம் செய்யிறதெண்டா என்ட மகளப் பாருங்க. மௌத்தான மனிசன்ட இடுப்புல என்ன தேடுற? உங்களயும் நாளைக்கு ஆரோ மூண்டு பேர் குளிப்பாட்டத்தான் போறாங்க.”

மரைக்கார் தன் இடுப்பு வாரை மேலே இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.

ஓவசியர் ஆதம்பாவா பெரியவன் ஒருவனை நம்பினாரா, தன்னை மட்டுமே நம்பினாரா என்பதை எழுதுவதுதான் இப்படியான கட்டுரையின் கடமை. அதை நான் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் அவர்மேல் சந்தேகம்தான். ஒரு கயிறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடாது என்பதும் கை வைத்த பிறகு தெரிந்துகொண்டது. அவருடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு: பென்சிலால் மூன்று பெயர் எழுதிய அந்தத் துண்டுக் கடதாசி, என் வலது கைக்குத் தெரிந்த ஒரு விஷயம். கடதாசியைப் பார்க்க விரும்புகிறவர்கள் வாசிகசாலைக்கு வரலாம்.

ஸபிய்யாவுக்கும் மரைக்காரின் மகனுக்கும் நிக்காஹ் இத்தா முடிந்த மறு வெள்ளிக்கிழமைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. தான் மௌத்தானால் குளிப்பாட்ட நான் வர வேண்டும் என்று அலியார் மரைக்கார் சென்ற கிழமை என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவரோடு இதுவரை ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள்.