துடைத்தெறிந்த காப்பிப் பூ

காளியாயியின் கண் இருக்கிறதே, அது ஏற்காட்டு ஏரிக்கரையில் நின்றபடியே சேலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸின் நம்பரை வாசித்துவிடும். சரி, இது கூட்டிச் சொன்னதுதான். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவும் அதற்குமேல் மேகமும் கிடக்கின்றன. ஆனால் வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஒற்றை முடி கிடந்தால் வாசற்படியிலேயே சொல்லிவிடுவாள் என்பதில் துளிகூடப் பொய்யில்லை.

கரடியூர்க்காரி. இருபத்திரண்டு வருடமாக ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றில் அறை துடைக்கிற வேலை. மேனேஜர் அங்கப்பன் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. கையைத் தட்டுவார், அவ்வளவுதான்.

அந்த லாட்ஜுக்குத்தான் சென்னையிலிருந்து தீபிகா வந்தாள். பழைய சினிமாப் படங்களைச் சுத்தம் செய்து டிஸ்க்கில் போட்டு விற்கிற கம்பெனி அவளுடையது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கலர்ப் படம் ஒன்றைத் துடைத்துத் தயார் செய்திருந்தார்கள். அதில் ஒரு பாட்டு முழுக்க இந்த மலையில், காப்பி எஸ்டேட் வழியே ஓடுகிற ஜீப்பில் எடுத்தது. டிஸ்க் அச்சுக்குப் போக நாலே நாள். அதற்குள் பச்சையும் செம்மண்ணும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஊர்க்காரர்களிடம் போட்டுக் காட்ட வந்திருந்தாள்.

லாட்ஜ் ஹாலில் கூட்டம். பழைய சிடியில் மழை பெய்கிற மாதிரி கோடும் புள்ளியுமாக ஓடிய படம், இப்போது கழுவி வைத்த கண்ணாடி போல இருந்தது. கதாநாயகியின் மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணலாம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். டீத் தட்டோடு பின்னால் நின்ற காளியாயி மட்டும் கேட்டாள்.

"பூ எங்கீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். அங்கப்பனுக்குச் சுருக்கென்றது. ஒரு வருடம் கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும் என்றார். சொன்னது தப்பாக இருந்தால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று நழுவியிருக்கலாம். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"சரிங்க, தப்புன்னா வரலீங்க. ஆனா கண்ணு, நீ சொல்லு. பாட்டு முச்சூடும் அந்தப் பொண்ணு ஜீப்ப உட்டு எங்கியாச்சும் எறங்குச்சா?"

தீபிகா யோசித்துப் பார்த்தாள். இறங்கவில்லை.

"எப்படி எறங்கும்? காப்பி பூத்திருக்கையில தோட்டத்துக்குள்ள ஆள் கால் வெக்கக் கூடாது, பூ உதிர்ந்துரும். தோட்டத்துல வேலை செஞ்ச எங்கம்மாளுக்கே அன்னிக்கு வேலையில்ல. எனக்கு எட்டு வயசு, ரோட்டோரம் நின்னு ஷூட்டிங் பார்த்தேன். பால் பொங்குன மாதிரி பூத்திருந்துச்சு. நீ காட்டுறதுல வெறும் எலைதான் இருக்குது."

தீபிகா லேப்டாப்பைத் திறந்தாள். துடைப்பதற்கு முந்தைய படச்சுருளின் நகல் அதில் இருந்தது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள். செடிக்குச் செடி வெள்ளைப் புள்ளி. ஜீப் ஓட ஓடப் புள்ளிகள் இடம் மாறியதால், கம்ப்யூட்டர் அத்தனையையும் தூசி என்று எண்ணித் துடைத்தெறிந்திருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டவளே தீபிகாதான்.

அவள் அந்த நகலையே பெரிய திரையில் போட்டாள். மலைச்சரிவு முழுக்க வெளுத்தது. ஹாலே கைதட்டியது. தீபிகா போனை எடுத்து அச்சை நிறுத்தச் சொன்னாள். அங்கப்பன் கீழே இருந்த தட்டைத் தாமே எடுத்து எல்லோருக்கும் டீ கொடுத்தார். முதல் டம்ளர் காளியாயிக்கு.

ஆறு மாதம் கழித்துப் புது டிஸ்க் வந்தது. நன்றிப் பட்டியலில் முதல் பெயர் கரடியூர் காளியாயி. அதே ஹாலில், பூத்துக் குலுங்கும் சரிவைத் திரையில் நிறுத்திவைத்து அங்கப்பன் முழங்கினார்.

"நாப்பதாயிரம் பூவுங்க! அத்தனையையும் எங்க காளியாயி அக்கா ஒருத்திதான் மீட்டுக் குடுத்தாங்க."

அக்கா திரையருகே போய் நின்று பார்த்தாள்.

"மூணு கொறைச்சுக்குங்க. ஜீப்பு லைட்டுக்குப் பக்கத்துல இருக்கறது பூ இல்லீங்க, நெசமாலுமே அழுக்கு."